தன் சுத்தம் தானே செய்யப் பழக்குங்கள்

அல்லாஹுத் தஆலா மக்களை ஒரே அச்சில் வார்த்துவிடவில்லை. ஒருவருக்கு நாவில் கூர்மை, இன்னொருவருக்குக் கையில் திறமை என்று பகிர்ந்தளித்திருக்கிறான். ஆயினும் சில பிள்ளைகளிடம் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெற்றோரைத் திகைக்க வைக்குமளவு பெரிதாக இருக்கிறது. ஏழு வயதில் யாசீன் சூராவை ஓரெழுத்தும் பிசகாமல் ஒப்புவிக்கிறான். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையுள்ள இரயில் நிலையங்களை வரிசை தவறாமல் சொல்கிறான். ஆனால் சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை. செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டுகிறான். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் பாதி ஸுப்ராவில் கிடக்கிறது. மலஜலம் கழித்த பின் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளவும் தெரியவில்லை. வந்த விருந்தாளிகள் முன் யாசீன் ஓத வைத்துப் பெருமைப்படும் வீட்டார், உள்ளே போனதும் அவனுக்குக் கால் கழுவி விடுகின்றனர். மக்தபிலோ, "இவ்வளவு ஓதத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா? எல்லாம் திமிர்!" என்ற பேச்சு எழுகிறது.

திமிர் அன்று. இப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒரு சாராரின் நிலைக்கு மருத்துவர்கள் 'ஆஸ்பெர்கர்' என்று பெயர் சொல்லி வந்தார்கள். வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் இத்தகைய சிறுவர்கள் சிலரைப் பற்றி எழுதியபோதே, அவர்கள் பேச்சில் பெரியவர்களைப் போலிருந்தும் அங்க அசைவுகளில் தடுமாறுவதைக் குறித்துள்ளார். 1981-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் லோர்னா விங் அம்மையார் அவருடைய பெயரையே இந்நிலைக்கு இட்டுப் பரவச் செய்தார். இப்போது அந்தத் தனிப்பெயர் மருத்துவ ஏடுகளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூலும், 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் இதனை ஆட்டிசம் என்னும் விரிந்த வகைக்குள் சேர்த்துவிட்டன. (நாஜிகள் வியன்னாவை ஆண்ட காலத்தில், குறையுள்ள குழந்தைகளைக் கொன்றொழித்த விடுதிக்குச் சில பிள்ளைகளை அனுப்பியதில் அந்த ஆஸ்பெர்கருக்கும் பங்குண்டு என்று 2018-ல் ஆவணங்களுடன் ஓர் ஆய்வு வெளிவந்தது. அப்பெயரை வெறுப்போர் இன்று பலர்.) ஆகவே, முன்பு ஒரு மருத்துவர் ஆஸ்பெர்கர் என்று சொன்ன பிள்ளைக்குச் சான்றிதழில் ஆட்டிசம் என்று எழுதியிருக்கக் கண்டு, நோய் முற்றிவிட்டதோ என்று தாய்மார்கள் பதற வேண்டியதில்லை. பெயர்தான் மாறியிருக்கிறது.

இப்பிள்ளைகளுக்குக் கை கால்களில் பலம் இல்லாமலில்லை. ஒரு காரியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வரிசைப்படுத்துவதும், ஒரு கையை ஒரு வேலைக்கும் மறு கையை வேறொரு வேலைக்கும் ஏவுவதும்தான் அவர்களுக்குக் கடினம். இடக்கையால் சட்டையைப் பிடித்து வலக்கையால் பொத்தானை நுழைக்க வேண்டும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அவர்களோ ஒவ்வொரு முறையும் நினைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இதனோடு, ஈரத் துணி உடலில் ஒட்டுவதும் குளிர்ந்த நீர் மூக்கில் படுவதும் சிலருக்குப் பொறுக்க முடியாத துன்பமாகவும் இருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாத் தொல்லையும் உண்டு என்பதில்லை.

இதில் மார்க்கச் சட்டம் ஒன்றை முதலில் மனதில் கொள்ள வேண்டும். புத்தி சுவாதீனம் இல்லாதவர் மீது தொழுகை கடமையில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தி இருக்கிறது. சிலருக்கு நம்மைவிடக் கூர்மையாகவே இருக்கிறது. எனவே பாலிகான அன்றே மற்ற எவரையும் போல் இவர்கள் மீதும் தொழுகையும், அதற்குரிய சுத்தமும், கடமையான குளிப்பும் வந்து சேருகின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கழுவி விடும் தாய், பதினைந்து வயது மகனுக்கு என்ன செய்வாள்? செய்துகொள்ள முடிந்தவரின் மறைவிடத்தைப் பிறர் பார்ப்பதும் தொடுவதும் ஆகாது என்பது தெரிந்த மஸ்அலா. இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும். யார் கை வேண்டுமானாலும் தன் மீது படலாம் என்று பழகிப்போன பிள்ளைக்கு, கெட்ட கை வந்தால் தட்டிவிடத் தெரியாது. இரக்கப்பட்டு எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பது அவனுக்குச் செய்யும் உபகாரம் என்று நமக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகளை ஏழு வயதில் தொழும்படி ஏவுமாறும், பத்து வயதில் தொழாவிட்டால் அடித்துக் கண்டிக்குமாறும், படுக்கைகளைப் பிரித்துவிடுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நம் ஜனங்களுக்கோ இந்த ஹதீஸில் பத்தாம் வயதின் பிரம்பு மட்டுமே நினைவில் நிற்கிறது. ஏழுக்கும் பத்துக்கும் நடுவிலுள்ள மூன்று ஆண்டுகளை யாரும் எண்ணுவதில்லை. நாளொன்றுக்கு ஐந்து வேளை என்றால் அந்த மூன்றாண்டில் ஐயாயிரத்துக்கும் அதிகமான தொழுகைகள் வருகின்றன. ஐயாயிரம் தடவை சொல்லிக் கொடுக்க இடம் தந்த பிறகல்லவா கண்டிப்பு வருகிறது? அதுவும் தெரிந்தும் முடிந்தும் அலட்சியமாக விடுபவனுக்கு. கை வராதவனை அடிப்பதற்கு இந்த ஹதீஸில் ஆதாரம் தேட வேண்டாம். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நாயகத்தின் வீட்டில் ஊழியம் செய்தார்கள். அந்தப் பத்தாண்டில் தம்மை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முறைகூடச் சலித்துக்கொண்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவர்க்குக் கற்பித்த விதத்தைப் பாருங்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் முந்தைய மணத்துப் பிள்ளை உமர் இப்னு அபீ ஸலமா (ரலி). நாயகத்தின் வளர்ப்பில் இருந்த அச்சிறுவரின் கை, உண்ணும்போது தட்டு முழுவதும் அலைந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னவை மூன்றே: பிஸ்மில்லாஹ் சொல்வது, வலக்கையால் உண்பது, தன் பக்கத்திலிருப்பதை உண்பது. 'ஏன் இப்படி அலைகிறாய்?' என்ற கேள்வி அதில் இல்லை. செய்யக் கூடாததன் பட்டியலும் இல்லை. செய்ய வேண்டியதை மட்டும், கைக்கு எட்டும் சிறு சொற்களில் சொன்னார்கள். பெரியவரான பின்பும் தாம் அவ்வாறே உண்டு வந்ததாக அவர் கூறியது புகாரி ஷரீபில் உள்ளது. ஆஸ்பெர்கர் பிள்ளைக்கு இதுவே தேவை. 'ஒழுங்காகச் சாப்பிடு' என்றால் அவனுக்கு ஒன்றும் விளங்காது, ஏனெனில் ஒழுங்கு எது என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. 'உன் பக்கத்திலிருந்து எடு' என்றால் விளங்கும். ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் ஒளு இன்னதென்று விளக்க வந்தபோது, தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தாமே செய்து காட்டினார்கள். கண்ணால் கண்டு படிப்பது இப்பிள்ளைகளுக்குக் காதால் கேட்பதைவிட எளிது.

இங்கே நம் பக்கத்து வீடுகளின் நிலைமையையும் சொல்ல வேண்டும். ஆரணி என்றதும் வெளியூரார் பட்டு ஆரணியை நினைப்பார்கள். நாம் சொல்வது பொன்னேரி வட்டத்தில், ஆரணியாற்றங்கரையிலிருக்கும் ஆரணியை. இங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் தகப்பன்மார்கள் பலர். இரவு ஷிப்ட் முடிந்து அத்தா வந்து படுக்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுகிறார்கள். வேன் வாசலில் ஹாரன் அடிக்கிறது, தம்பி அழுகிறான், அடுப்பில் பால் பொங்குகிறது. அந்த வேளையில் ஒரு பொத்தானைப் போட ஐந்து நிமிடம் எடுக்கும் பிள்ளையை எந்தத் தாயால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அவள் போட்டுவிடுவதில் குற்றமில்லை. காலை நேரத்தைக் கற்பிக்கும் நேரமாக வைத்துக்கொள்ளவே வேண்டாம். அஸருக்குப் பின் பத்து நிமிடம், தகப்பனாருக்கு விடுமுறையான நாளில் கால் மணி நேரம் போதும். நாள்தோறும் அதே நேரம், அதே இடம், அதே வார்த்தைகள் என்றிருக்க வேண்டும். இன்று தாய் 'கழுவு' என்றும், நாளை பாட்டி 'அலம்பு' என்றும் சொன்னால் அவனுக்கு அவை இரண்டு வேலைகள்.

ஒளுவிலிருந்து தொடங்குங்கள்

ஒளுவை நாம் முதலில் வைப்பதற்குக் காரணமுண்டு. அது என்றும் மாறாத வரிசையுடையது. முகம், முழங்கை வரை கைகள், தலை, கணுக்கால் வரை கால்கள் என்று திருமறையின் மாயிதா சூராவிலேயே (5:6) முறை சொல்லப்பட்டிருக்கிறது. மாறாத வரிசை இப்பிள்ளைகளுக்கு மன அமைதி தருவது. மற்ற பிள்ளைகள் சலித்துக்கொள்ளும் திரும்பச் செய்தலை இவர்கள் விரும்புவார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அந்த வரிசை பர்ளு, ஹனஃபியில் சுன்னத்து. வீட்டில் ஒன்றும் மக்தபில் ஒன்றுமாகக் காட்டிக் குழப்பாமல், எந்த மத்ஹபைப் பின்பற்றும் குடும்பமோ அதன்படி ஒரே முறையைக் கற்றுக் கொடுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது? கடைசியிலிருந்து. இது விநோதமாகத் தோன்றலாம், ஆனால் இந்தத் துறையில் பழகியவர்கள் கைக்கொள்ளும் வழி இது. முகம், கை, தலை எல்லாவற்றையும் தாய் அவன் கையைப் பிடித்துச் செய்துவிட்டு, இடது காலைக் கழுவுவதை மட்டும் அவனிடம் விட்டுவிட வேண்டும். அது முடிந்தால் ஒளு முடிந்தது. 'நீயே முடித்துவிட்டாய்' என்று சொல்லிப் பாராட்டலாம். அது நன்றாகக் கைவந்த பின் வலது காலையும் விட்டுவிடுவது. பிறகு தலைக்கு மஸ்ஹு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் அவன் பாதியில் தோற்று நிற்பான், மீதியை நாம் முடிப்போம். தினமும் தோல்வியோடு எழுந்து போவான். கடைசியிலிருந்து தொடங்கினால் தினமும் அவன்தான் முடிக்கிறான். ஒரு படி கைவர ஒரு மாதமானாலும் அவசரம் வேண்டாம்.

குழாயைத் திறந்துவிட்டால் நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. கழுவியதையே பத்து முறை கழுவும் பிள்ளைகளும் உண்டு. அது வஸ்வாஸாக முற்றிவிடக் கூடாது. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, 'இது தீர்ந்தால் ஒளு தீர்ந்தது' என்று பழக்குங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளு செய்ததாக ஹதீஸ் உண்டு. அந்த அளவை எப்படிக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ ஒரு சொம்புத் தண்ணீர்தான். மூன்று முறைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறல் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். சட்டத்தைச் சட்டமாகச் சொன்னால் இப்பிள்ளைகள் பெரும்பாலும் பற்றிக்கொள்வார்கள். 'மூன்றுக்கு மேல் இல்லை' என்பது 'போதும் வா' என்பதைவிட அவர்களிடம் எடுபடும். நம் முன்னோர் வீடுகளில் இருந்த மூக்குக் கெண்டி எங்காவது பரணில் கிடந்தால் இறக்கிக் கொடுங்கள். நீர் மெல்லிய தாரையாக விழுவதால் தடுமாறும் கைக்கு அது மிகவும் பொருத்தம்.

மூக்குக்கு நீர் செலுத்தும் இடத்தில்தான் பல பிள்ளைகள் அலறுகிறார்கள். ஒளுவில் வாய் கொப்பளிப்பதும் மூக்குக்கு நீர் செலுத்துவதும் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் சுன்னத்தே. விட்டாலும் ஒளு கூடும். எனவே அதற்காக ஒளுவையே அவன் வெறுக்கும்படி வற்புறுத்த வேண்டாம். ஆனால் கடமையான குளிப்பில் ஹனஃபி மத்ஹபின்படி அவ்விரண்டும் பர்ளு. பாலிகாகும் வயதில் திடீரென்று செய் என்றால் நடக்காது. நனைந்த விரலால் மூக்கின் நுனியைத் தொடுவது, பிறகு மூக்கின் உள்விளிம்பைத் தொடுவது என்று சிறுகச் சிறுகப் பழக்க நாலைந்து ஆண்டுகள் கையில் இருக்கின்றன. குளிர் காலத்தில் வெந்நீர் கொடுங்கள். ஈரக் கை பிடிக்காத பிள்ளைக்குத் துண்டைப் பக்கத்திலேயே வையுங்கள். சட்டைக் கையை நன்றாக மடித்துவிட்ட பின் தண்ணீரைத் தொடச் சொல்லுங்கள். நனைந்த கைத்துணி ஒன்று போதும், அன்றைய பாடம் முழுவதும் வீணாகிவிடும்.

மலஜலச் சுத்தம்

ஹஜ்ரத் ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களிடம், 'உங்கள் நபி மலம் கழிப்பதைக்கூடவா கற்பித்தார்?' என்று கேலியாகக் கேட்கப்பட்டபோது, 'ஆம்' என்று தயக்கமின்றி விடையளித்து அதன் ஒழுங்குகளையும் எடுத்துச் சொன்னார்கள். ஸஹாபாக்கள் கூசாததை நாமும் கூசாமல் கற்பிக்கலாம்.

இதில் உள்ள கஷ்டம் என்னவென்றால், கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் கை மட்டும் அறிந்து கழுவ வேண்டும், வலக்கை நீரை ஊற்ற, இடக்கை கழுவ வேண்டும், அத்தனையும் குந்தியிருந்தபடியே. ஒரே நேரத்தில் மூன்று வித்தை! ஆகவே பிரித்துக் கற்பியுங்கள். முழங்கையின் பின்புறம் சிறிது எண்ணெயையும் மாவையும் தடவிவிட்டு, பார்க்காமல் தொட்டுத் தொட்டுக் கழுவச் சொல்லுங்கள். வழவழப்பு நீங்கினால் சுத்தம் என்பதை விரல் அங்கே கற்றுக்கொள்ளும். நீர் ஊற்றும் கையும் கழுவும் கையும் வேறு வேறு என்பதை முதலில் பாதத்தில் பழக்கலாம். மக்கைப் பாதியளவே நிரப்ப வேண்டும். குந்தி உட்காரத் தடுமாறும் பிள்ளைக்குச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது, செலவும் பெரிதில்லை. எத்தனை மக் தண்ணீர் என்று ஒரு கணக்கும் சொல்லிவிடுங்கள். பிறகு சோப்பால் கை கழுவுவதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே.

ஆடை விஷயத்தில் சுருக்கமாகவே சொல்வோம். மூட்டாத கைலியை இறுக்கிக் கட்டுவது கடினமான வேலை. மூட்டிய கைலியோ, நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த பைஜாமாவோ கொடுக்கலாம். தொழுகையில் கைலி அவிழ்ந்துவிடுமோ என்ற பயமும் இருக்காது. பொத்தானுக்கு முன் உண்டியல்! துளையில் காசைச் செருகும் விரலசைவுதான் பொத்தானுக்கும் வேண்டும். பெரிய பொத்தான் வைத்த பழைய சட்டையைத் தரையில் விரித்துப் பழகிய பிறகு உடம்பில் போட்டுப் பழகட்டும். செருப்பின் உட்புறத்தில் வலப்பக்கத்துக்கு ஓர் அடையாளம் இட்டு, அணியும்போது வலது முதலில், கழற்றும்போது இடது முதலில் என்ற சுன்னத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றாகப் படியும். சப்பாத்தி மாவு பிசைவது, பூண்டு உரிப்பது, துணி பிழிவது ஆகியவை விரல்களுக்கு வலுவூட்டும் வேலைகள். ஆண் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்கும் பெரியவர்கள், நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவி வந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதை ஒரு முறை படித்துக்கொள்ளட்டும்.

தொழுகை ஒரு நல்ல உடற்பயிற்சி என்று சிலர் பேசி வருவது நமக்கு உவப்பில்லை. தொழுகை வணக்கம், பயிற்சிக்காக அது கடமையாக்கப்படவில்லை. ஆனால் நிமிர்வதும் குனிவதும் ஸுஜூதிலிருந்து எழுவதும் தடுமாறும் பிள்ளைக்குத் தொழுகைக்கு வெளியே தனியாகப் பழக்கம் வேண்டும். முஸல்லாவில் பாதம் வைக்கும் இடத்தை நூலால் தைத்துக் காட்டலாம். வலது பாதத்தை நட்டு வைத்து உட்காருவது சுன்னத்து. வராவிட்டால் வந்த விதத்தில் உட்காரட்டும்.

பாலிகாவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை சில. நகத்தையும் வேண்டாத ரோமங்களையும் நாற்பது நாளுக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்று ஹதீஸில் உள்ளது. நகம் வெட்டினால் துடிக்கும் பிள்ளைக்குக் குளித்தவுடன், நகம் ஊறியிருக்கையில், நாளுக்கு ஒரு விரல் என்று வெட்டினால் அச்சம் குறையும். குளிப்பின் முறையையும் ஒளுவைப் போலவே கடைசியிலிருந்து பழக்கலாம். பெண் மக்களைப் பொறுத்தவரை தாய்மார்கள் இன்னும் முன்கூட்டியே விழித்துக்கொள்ள வேண்டும். பெண்களிடம் இந்நிலை ஆண் பிள்ளைகளைப் போல் எளிதில் வெளித் தெரிவதில்லை. 'கூச்ச சுபாவம்' என்று விட்டுவிடுகிறார்கள். மாதவிலக்கு வந்த அன்று, இரத்தத்தைக் கண்டு நடுங்கும் பெண்ணிடம் பஞ்சுப் பட்டையை உடுத்தக் கற்பிக்க முடியாது. ஒன்பது வயதிலேயே அதைக் காட்டி, சும்மா உடுத்திப் பழக்கி, அதன் உறுத்தலையும் சகிக்க வைத்துவிட வேண்டும்.

நூர் சூராவில் (24:58) பஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் சிறு பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்று அல்லாஹ் ஏவுகிறான். நேரம் குறித்த சட்டமாதலால் இப்பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிபடும். சில பேர் கடிகாரத்தைக் காட்டி நம்மையே திருத்துவார்கள்! அடுத்த வசனத்தையும் கூடவே சொல்லிவிடுங்கள்: பாலிகான பின் எல்லா நேரத்திலும் அனுமதி வேண்டும். இல்லையேல் மூன்று வேளை தவிர மற்ற நேரம் திறந்த வீடு என்று சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வான்.

ஓதி ஊதுவதையும் துஆவையும் நாம் தடுக்க வரவில்லை. ஷைத்தான் பிடித்துவிட்டது, தாயின் வளர்ப்புச் சரியில்லை என்று சொல்வோரின் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம். இது பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. மாற்றிவிடும் மருந்தும் இல்லை. கை வேலைகளைப் பழக்கித் தரும் ஆக்குபேஷனல் தெரபி என்னும் பயிற்சியே மருத்துவர்கள் சொல்லும் உதவி. பெயரைப் பார்த்து இது தொழிற்பயிற்சி என்று எண்ணிவிடாதீர்கள். உண்பது, உடுப்பது, எழுதுவது ஆகியவற்றைத்தான் அவர்கள் கற்பிக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. ஆரணியிலிருந்து போய்வர ஒரு நாள் ஆகிவிடும். எனினும் ஒரு முறை போய்ப் பிள்ளையைக் காட்டி, வீட்டில் செய்ய வேண்டியதை எழுதி வாங்கி வருவது நல்லது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் பெற்றால் 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழுள்ள நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் கிடைக்கும்.

பள்ளிவாசலுக்கு அழைத்து வருவதை முதன்முதலில் ஜும்ஆ நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டமும் ஒலிபெருக்கியும் அவனை மிரள வைக்கும். லுஹர் முடிந்து எல்லோரும் போன பின் கூட்டி வந்து, எந்தக் குழாயில் ஒளு செய்வது, செருப்பை எந்த மூலையில் விடுவது, எந்தத் தூணருகே நிற்பது என்று காட்டி வையுங்கள். நாலைந்து நாள் அப்படி வந்து போன பிறகு, கூட்டம் குறைந்த ஒரு வேளை ஜமாஅத்தில், வரிசையின் ஓரத்தில், தகப்பனார் பக்கத்தில் நிறுத்தலாம். முத்தவல்லியிடமும் இமாமிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தால், ஹவுளருகே அவன் கால் கழுவ நேரமாகும்போது பின்னால் நிற்பவர் அதட்டாமல் இருப்பார்.